கொல்லைப்புறத்தில் நாய்களைப் பிரித்து வைக்க நகர்த்தும் வேலி சரிப்படுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: வீட்டில் மூன்று நாய்கள். ஒன்றுக்கு வயதாகிவிட்டது, ஒன்று ஓயாமல் குழி தோண்டுகிறது, ஒன்று புதிதாக வந்த குட்டி. சுற்றுச்சுவர் இருக்கிறது, ஆனால் உள்ளே குறுக்கு வேலி கட்ட மனமில்லை. மடக்கி நகர்த்தும் கம்பித் தட்டிகள் போதுமா, எத்தனை வாங்குவது?

எனக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். ராணிக்கு வயது பன்னிரண்டு, இடுப்பு மூட்டில் வலி. மணி மண்ணைக் கண்டால் விடமாட்டான். மூன்றாவதாக வந்து சேர்ந்தவள் சின்னு. ஐந்து வருடமாகத் தட்டிகளை வைத்துத்தான் ஓட்டுகிறேன். உதவும் என்பது என் பதில். ஆனால் வாங்கிய முதல் நாள் அது உதவவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எட்டுத் தட்டிகளையும் விரித்து, புல்தரைக்கு நடுவில் வட்டம் மாதிரி நிறுத்தி, சின்னுவை உள்ளே விட்டேன். கொஞ்ச நேரம் சமர்த்தாக இருந்தாள். அப்புறம் கம்பிக்கு அடியில் மூக்கைக் கொடுத்தாள். தட்டி அரை அங்குலம் எழும்பியது. தலையைச் சாய்த்து அதையே பார்த்தாள். பிறகு நெற்றியைக் கம்பியில் வைத்து ஒரு தள்ளு. காலைப் பனியில் புல் வழுக்கிக்கொண்டிருந்ததால் மொத்த வளையமும் சர்ரென்று நகர்ந்தது. நான் உள்ளே போய்த் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வருவதற்குள், வேலியோடு சேர்ந்தே நடந்து செம்பருத்திச் செடிக்குப் போய்விட்டாள். வேலிக்குள்தான் இருந்தாள், அதில் குறை சொல்ல முடியாது. வேலிதான் வேறு இடத்தில் இருந்தது.

இந்த வேலி உங்களுக்கு நகர வேண்டும், நாய்க்கு நகரக் கூடாது. இதில் சிக்கலே அதுதான். தட்டி கனமாக இருந்தால் நாய் தள்ளாது, ஆனால் இரண்டு வாரத்தில் உங்களுக்கும் அதை நகர்த்தும் ஆசை போய்விடும். அது நிரந்தர வேலி ஆகிவிடும், அதுவும் மட்டமான நிரந்தர வேலி. இலேசாக இருந்தால் நீங்கள் நகர்த்துவீர்கள், நாயும் நகர்த்தும். என் கணக்கு இதுதான்: தனியாளாக ஐந்து நிமிடத்தில் எடுத்து வேறு இடத்தில் நிறுத்த முடியாத எதையும் வாங்காதீர்கள். தட்டி இலேசாக இருக்கட்டும், பிடிமானத்தைத் தரையிலும் சுவரிலும் தேடிக்கொள்ளுங்கள்.

நாயின் பக்கமிருந்தும் யோசித்துப் பாருங்கள். அதற்கு இது ஒரு பொருட்டே இல்லை. வளர்ந்த நாய் ஒன்று மனம் வைத்து மோதினால் எந்த மடக்குத் தட்டியும் நிற்காது. அது மோதாமல் இருப்பதற்குக் காரணம், இது நகராது என்று அது நம்புவதுதான். அந்த நம்பிக்கை முதல் வாரத்தில் உண்டாகிறது, கெட்டாலும் முதல் வாரத்தில்தான் கெடுகிறது. ஒரு முறை தள்ளி வழி கிடைத்துவிட்டால் அந்த நாய் ஒவ்வொரு தட்டியையும் சோதித்துப் பார்க்கும். சின்னு அப்படித்தான் ஆனாள். அவளை மறக்க வைக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அதனால் முதல் வாரம் மட்டும் எல்லா மூலையிலும் முளை அடியுங்கள், செங்கல்லை முட்டுக் கொடுங்கள். அப்புறம் தளர்த்திக்கொள்ளலாம்.

நிறுத்தும் விதத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. தட்டிகளை நேர்க்கோட்டில் நிறுத்தினால் காற்றடித்தாலே விழும். பாம்பு மாதிரி வளைத்து, ஒன்றை முன்னே ஒன்றைப் பின்னே என்று கோணலாக நிறுத்தினால் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கும். கொல்லையைக் குறுக்கே இரண்டாகப் பிரிக்க வேண்டுமென்றால் கோணல்தான் வழி. நீளத்தில் கொஞ்சம் நஷ்டம், பரவாயில்லை.

இப்போது எத்தனை தட்டி என்ற கேள்வி. சாதாரணமாகக் கிடைக்கிற ஒரு செட்டில் எட்டுத் தட்டி, ஒவ்வொன்றும் 2 அடி அகலம். மொத்தம் 16 அடி. இதைத் தனியாகச் சதுரமாக நிறுத்தினால் 4-க்கு 4, அதாவது 16 சதுர அடிதான் கிடைக்கும். வளர்ந்த நாய்க்கு அது கூண்டு. அதே எட்டுத் தட்டியை ஒரு சுவரை ஒட்டி நிறுத்திப் பாருங்கள். பக்கத்துக்கு 4 அடி, எதிரே 8 அடி, 32 சதுர அடி. இரண்டு சுவர் சேரும் மூலையில் நிறுத்தினால் பக்கத்துக்கு 8 அடி, 64 சதுர அடி. ஒரு தட்டிகூடக் கூடவில்லை, இடம் நாலு மடங்கு ஆகிவிட்டது. இன்னொரு செட் வாங்கித் தனியாகச் சதுரம் போட்டால் கிடைக்கிற இடமும் இதே 64தான். ஆகவே கடைக்குப் போகும் முன் உங்கள் கொல்லையில் எத்தனை மூலை இருக்கிறது என்று எண்ணுங்கள்.

சுவரைத் தொடும் முனை மட்டும் கவனம். நாய் தள்ளிப் பார்ப்பது அங்கேதான். சுவரில் ஒரு வளையக் கொக்கி அடித்து, தட்டியின் கடைசிக் கம்பியை மேலும் கீழும் அதில் மாட்டிவிடுங்கள். மூன்று நான்கு இடங்களில் இப்படிக் கொக்கி அடித்து வைத்தால் வேலியை இடம் மாற்றுவது கதவைத் திறந்து மூடுவது போல ஆகிவிடும். நான் செலவழித்ததில் பலன் தந்தது அந்தக் கொக்கிகள்தான்.

உயரம் 2 அடியிலிருந்து 4 அடி வரை கிடைக்கிறது. தாவுகிற நாய்க்கு 4 அடி ஒரு தடையே இல்லை, அதற்கு இந்த வேலியே வேண்டாம். தாவாத நாய் என்று நம்பி, வேலியை ஒட்டிப் பழைய பெட்டியையோ கவிழ்த்த தொட்டியையோ வைத்துவிடாதீர்கள். அதைப் படியாக்கிக்கொள்ளும். குறுக்குக் கம்பி நெருக்கமாக உள்ள தட்டியும் ஏணிதான். நெடுக்குக் கம்பி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். குட்டி இருப்பதால் கம்பி இடைவெளியையும் பாருங்கள். தலை நுழையும் இடைவெளி என்றால் தலை மாட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் வலைச் சுருள் பற்றி ஒரே வார்த்தை: கடித்துவிடும்.

உள்ளே விடும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். எம்பும்போது பட்டையோ அதில் தொங்கும் வில்லையோ கம்பி நுனியில் மாட்டினால் நாய் தொங்கிவிடும், பக்கத்தில் ஆள் இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. இந்தத் தட்டிகளைப் போட்டுவிட்டு வெளியே கிளம்புகிற வேலையும் கூடாது. வீட்டில் ஆள் இருக்கும்போது பயன்படுத்துகிற சாமான் இது.

தோண்டுகிற நாய்க்கு வருகிறேன். மணி போன்றவர்கள் நடுத்தரையைத் தோண்டுவது ஆசைக்கு, வேலியடியைத் தோண்டுவது காரியத்துக்கு. வேலியடிக்குத் தீர்வு இருக்கிறது. ஓர் அடி முதல் ஒன்றரை அடி அகலமுள்ள கம்பி வலையைத் தட்டியின் அடியில் கட்டி, நாய் இருக்கிற பக்கமாகத் தரையில் படுக்கப் போடுங்கள். வலையின் வெட்டு நுனிகளை மடக்கிவிட்டு, நாலைந்து இடத்தில் முளை அடித்துவிடுங்கள். நாய் வேலியை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். நகம் வலையில் படும், ஓர் அடி பின்னால் தள்ளி நின்று தோண்ட வேண்டும் என்று பெரும்பாலான நாய்களுக்குத் தோன்றாது. ஆசைக்குத் தோண்டுவதை நான் தடுப்பதே இல்லை. நாலு தட்டியை வைத்து ஒரு மூலையை ஒதுக்கி, மண்ணைக் கொத்திவிட்டு, அங்கே தோண்ட விட்டுவிட்டேன். செடிகள் பிழைத்தன.

செடி என்றதும் ஞாபகம் வருகிறது. பலரும் நாயைச் சுற்றித்தான் வேலி போடுகிறார்கள். பல சமயம் நாயை விட்டுவிட்டு மற்றதைச் சுற்றிப் போடுவது சுலபம். நாற்று வைத்த பாத்தி, குழாயடிச் சேறு, தெருக்கதவுக்கு முன்னால் உள்ள ஆறடி, இவற்றுக்கு இரண்டு மூன்று தட்டி போதும். அரளி, சைக்கஸ் மாதிரி நாய்க்கு விஷமான செடி இருந்தால் மட்டும் வேலியை நம்பாதீர்கள், பிடுங்கிவிடுங்கள்.

நகர்த்துவதன் பலன் தெரிவது புல்லில். பெட்டை நாய் ஒரே இடத்தில் உட்கார்ந்து சிறுநீர் கழிப்பதால் அந்த இடத்தில் நைட்ரஜன் அளவுக்கு மீறிச் சேர்ந்து நடுவில் கருகிவிடும், சுற்றி ஒரு வளையம் மட்டும் கரும்பச்சையாக வளரும். உடனே தண்ணீர் ஊற்றினால் தப்பும். வாரம் ஒரு முறை வேலியை மாற்றினால் புல்லுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஆனால் இடம் மாற்றினால் சுத்தமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். நாயின் மலத்தில் வரும் உருண்டைப்புழு முட்டை விழுந்த உடனே தொற்றாது, அதற்குச் சில வாரம் ஆகும். ஆனால் அப்புறம் மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். அன்றன்றைக்கு அள்ளிவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை. குட்டிகளுக்குக் கடும் வாந்தி பேதி தரும் பார்வோ வைரஸும் மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். முன்பு எந்த நாய்க்காவது அந்த நோய் வந்த தரை என்றால், தடுப்பூசி முழுவதும் போட்டு முடிக்காத குட்டிக்கு அங்கே வேலி போடாதீர்கள்.

வெயிலையும் சொல்ல வேண்டும். காலையில் நிழலாக இருந்த மூலை மதியம் சுடும். வெளியே இருக்கும் நாய் தானே எழுந்து நிழலுக்குப் போகும், வேலிக்குள் இருப்பது எங்கே போகும்? ராணிக்கு எழுந்திருப்பதே பாடு என்பதால் அவளுடைய தட்டியை நான் நிழலைப் பார்த்துத்தான் வைக்கிறேன், மதியத்துக்கு முன் ஒரு தடவை மாற்றுகிறேன். துணியைக் கட்டி நிழல் செய்யலாமே என்று நினைத்து ஒரு நாள் பக்கவாட்டில் கட்டினேன். காற்று வந்ததும் அது பாய்மரம் ஆகி, தட்டி முழுவதும் சாய்ந்துவிட்டது. நல்லவேளை, ராணி உள்ளே இல்லை.

கடைசியாக, சண்டை. நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் மூன்று நாய் உள்ள வீட்டில் வேலி போட்டால் வரும். சும்மா விளையாடிக்கொண்டிருந்த மணியையும் சின்னுவையும் நான் ஒற்றைத் தட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று நிறுத்தினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். பார்க்க முடிகிறது, தொட முடியவில்லை என்றதும் இரண்டும் கம்பி ஓரமாகவே ஓடி ஓடிக் குரைத்தன, மூன்றாம் நாள் பல்லைக் காட்டின. வேலியை எடுத்தால் அதே நாய்கள் ஒன்றின்மேல் ஒன்று படுத்துத் தூங்கும். பிரிக்க வேண்டுமென்றால் இரண்டு வரிசைத் தட்டி போட்டு, நடுவில் மூன்று நான்கு அடி விடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி வீட்டின் இரு பக்கமும் வையுங்கள். உண்மையிலேயே கடித்துக் காயப்படுத்திக்கொண்ட நாய்கள் என்றால் இந்தத் தட்டியை நம்பவே நம்பாதீர்கள், சுவரும் கதவும் வேண்டும்.

ஆடுகளுக்கும் கோழிகளுக்கும் போடும் மின்வலை பற்றிச் சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. குட்டி அதில் சிக்கிக்கொள்ளலாம். அதோடு, அதிர்ச்சி பட்ட அந்த நொடியில் எதைப் பார்த்துக்கொண்டிருந்ததோ அதற்குத்தான் நாய் பயப்படப் பழகும். அது பக்கத்தில் நிற்கும் இன்னொரு நாயாகவோ குழந்தையாகவோ இருந்துவிட்டால் அப்புறம் யார் அதைச் சரிசெய்வது?

பழக்குவது பெரிய வித்தையில்லை. முதல் இரண்டு நாள் ஒரு பக்கம் திறந்தே இருக்கட்டும், சாப்பாட்டை உள்ளே வையுங்கள். பிறகு ஐந்து நிமிடம் மூடி, முனகத் தொடங்கும் முன் திறந்துவிடுங்கள். தப்பு செய்தால் உள்ளே தள்ளுவது என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கணக்குக்கு ஒரு செட் வாங்கி மூலையில் தொடங்குங்கள், தேவைப்பட்டால் இரண்டாவது. ஒரே மாதிரி செட்டாக இருக்கட்டும், வேறு வேறு என்றால் இணைக்கும் கம்பி பொருந்தாது. வாங்குவதற்கு முன் ஒரு வாரம் 16 அடிக் கயிற்றைத் தரையில் போட்டு, எந்த இடம் சரிப்படும் என்று பார்த்துவிடுங்கள். நான் வாங்கிய பிறகுதான் அப்படிப் பார்த்தேன். இரண்டாம் நாளே மணி கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு கொல்லை முழுக்க ஓடினான். அதற்குள் எனக்கு மூலை எது என்று தெரிந்துவிட்டிருந்தது.