கர்ப்பம் என்று சொன்னதும் இராஜினாமாக் கடிதமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். தனியார் விமான நிறுவனமொன்றில் நான்கு வருடமாகத் துணை விமானி. பத்து வாரக் கர்ப்பம் என்று கம்பனிக்குச் சொன்னேன். "பறக்க முடியாதவருக்கு இங்கே வேலை இல்லை, நீங்களே இராஜினாமா எழுதித் தாங்கோ" என்கிறார்கள். பயிற்சிக்காக ஐந்து வருட பொண்ட் (இத்தனை வருடம் வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம்) கையெழுத்திட்டிருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

கம்பனி ஏன் அதைக் கேட்கிறது தெரியுமா? 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். நீங்களே விலகினால் அந்தச் சிரமம் அவர்களுக்கு இல்லை. பொண்ட் முடியுமுன் போனீர்கள் என்று பயிற்சிப் பணத்தையும் உங்களிடம் கேட்பார்கள். அநியாயம்தானே.

அடுத்தது, இப்போதைக்குப் பறக்க முடியாது என்பது உண்மை. அதை மறைக்கவும் கூடாது. விமானத்துறை வைத்தியரிடம் உடனே சொல்லுங்கள். ஆனால் அது தற்காலிகம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில், சிக்கலில்லாத கர்ப்பம் என்று மகப்பேற்று வைத்தியரின் மதிப்பீடும் தொடர் கண்காணிப்பும் இருந்தால், 12ஆம் வார முடிவிலிருந்து 26ஆம் வார முடிவு வரை தகுதி வழங்கலாம் என்று இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் மறுபரிசோதனை, பிறகு மறுபடி விமானி அறை. இந்த மருத்துவத் தகுதி சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விஷயம். மனிதவள மேலாளர் தீர்மானிப்பதல்ல.

கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை நிறுத்துவதை நம் நாட்டுச் சட்டம் தடுக்கிறது. நீங்கள் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில் வருகிறீர்களா, கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் வருகிறீர்களா என்று கம்பனி தர்க்கம் பண்ணலாம். பண்ணட்டும். 2018 திருத்தங்களுக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் இரண்டிலும் 84 நாட்கள் விடுமுறை உண்டு.

இடையில் ஒரு ஓட்டை இருப்பதையும் சொல்லவேண்டும். 26ஆம் வாரம் முடிந்ததும் பறப்பது நிற்கும். மகப்பேற்று விடுமுறையோ பிரசவத்தை ஒட்டித்தான் தொடங்கும். நடுவில் ஏறக்குறைய மூன்று மாதம். அதை வருடாந்த விடுமுறை, தரைப் பணி, உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள சலுகை என்று கோர்த்துத்தான் சமாளிக்க வேண்டும். வகுப்பறைப் பயிற்சி, பறப்புத் திட்டமிடல் போன்ற வேலை தரும்படி இன்றே மின்னஞ்சலில் கேளுங்கள். "இராஜினாமா செய்ய எனக்கு விருப்பமில்லை" என்ற வரியும் அதில் கட்டாயம் இருக்கட்டும். வாயால் சொன்னது நாளைக்கு நிற்காது.

அப்புறமும் நிறுத்தினால், நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது. தொழில் நியாய சபையும் இருக்கிறது. சபைக்குப் போக ஆறு மாதம்தான் அவகாசம், பிரசவக் களைப்பில் அதைத் தவறவிடாதீர்கள். இப்போதே பொண்டின் பிரதியோடு ஒரு தொழில் சட்டத்தரணியைப் பாருங்கள். கம்பனியே நிறுத்தினால் பணம் யார் கட்டுவது என்ற வாசகத்தை அவர் முதலில் பார்க்கட்டும்.