அடுக்குத் தோட்டங்களில் இன்னும் எதை ஆராய வேண்டும்?

பல்லாண்டுப் பயிர்களைக் காடு போல அடுக்கடுக்காக வளர்க்கும் முறையில் இன்னும் என்னென்ன ஆராய்ச்சிகள் தேவைப்படுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆராய்ச்சியாளன் அல்லன். ஆனைமலை அடிவாரத்தில் மூன்றரை ஏக்கர் தென்னந்தோப்பில், பதினான்கு ஆண்டுகளாகச் சாதிக்காய், கொக்கோ, மிளகு, வாழை ஆகியவற்றைக் கலந்து வளர்த்து வருகிறேன். எனவே தோப்புக்குள் நிற்கும்போது எனக்கு விடை கிடைக்காத கேள்விகளைத்தான் இங்கே எழுத முடியும்.

முதலில், இத்துறையில் ஆய்வே நடக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1970களிலேயே தென்னையின் கீழே கொக்கோ, மிளகு, அன்னாசி என்று பல அடுக்குப் பயிர் முறையைச் சோதித்துப் பார்த்துவிட்டது. தென்னையின் வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள்ளேயே இருக்கிறது என்பது அக்காலத்திய கண்டுபிடிப்பு. 7.5 மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பில் ஒவ்வொரு மரத்துக்கும் கிடைக்கும் நிலத்தில் கால் பங்குக்கும் குறைவாகவே அந்த வேர் வட்டம் பிடிக்கிறது என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. இன்று ஊடுபயிர் பற்றி எந்த வேளாண் அலுவலர் பேசினாலும் அதன் அடியில் இருப்பது இந்தக் கணக்குத்தான். எட்டு வயது முதல் இருபத்தைந்து வயது வரை தென்னைக்கடியில் நிழல் மிகுதி, அதன்பின் வெளிச்சம் கூடிவரும் என்பதையும் அவர்களே அளந்து சொன்னார்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தார் கதிரியக்கப் பாஸ்பரஸைக் கொண்டு, எந்த மரத்தின் வேர் எந்த ஆழத்தில் உறிஞ்சுகிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஒரு பயிர், ஒரு கேள்வி என்ற அளவில் ஆய்வு நன்றாகவே பயன்பட்டிருக்கிறது. சாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதைக் கன்று வைத்தால் ஆறேழு ஆண்டுகள் கழித்துப் பூத்த பிறகுதான் எது எதுவென்று தெரியும், அதுவும் ஏறத்தாழப் பாதி ஆணாகப் போய்விடும். பத்துப் பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் போதும். பெண் மரத்தின் கிளையை ஒட்டி உருவாக்கும் ஒட்டுக்கன்று வந்த பிறகு இந்தச் சூதாட்டம் முடிந்தது. நான் முதலில் வைத்தவை விதைக் கன்றுகள் என்பதால், ஏழாண்டுகள் தண்ணீர் விட்டு வளர்த்த மரங்களைக் கோடரியால் வெட்டிய அனுபவமும் எனக்கு உண்டு.

சிக்கல் தொடங்குவது பயிர்கள் ஒன்றாக நிற்கும் இடத்தில். நமக்குக் கிடைக்கும் பரிந்துரைகள் எல்லாம் தனிப்பயிருக்கானவை. காய்க்கும் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்பது தமிழ்நாட்டுப் பரிந்துரை. சாதிக்காய்க்கு ஒரு பட்டியல், கொக்கோவுக்கு ஒரு பட்டியல், வாழைக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியே இருக்கின்றன. கலப்புத் தோப்புக்கு என்ன என்று கேட்டால், எல்லாவற்றையும் கூட்டிப் போடச் சொல்கிறார்கள். தண்ணீருக்கும் இப்படியே கூட்டிப் பார்த்தேன். கோடையில் என் கிணறு தரக்கூடியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது. ஆனால் அதில் பாதிக்கும் குறைவான தண்ணீரில்தான் தோப்பு பல கோடைகளைக் கடந்து பசுமையாக நிற்கிறது. அப்படியானால் நிழலும், மண்ணை மூடிக் கிடக்கும் சருகு மூடாக்கும் எவ்வளவு ஈரத்தை மிச்சப்படுத்துகின்றன, கீழ்ப்பயிர்கள் எவ்வளவைக் கூடுதலாகக் குடிக்கின்றன, இறுதியில் தென்னைக்கு இது லாபமா நட்டமா என்ற மொத்தக் கணக்கை இந்த வட்டாரத்து மண்ணிலும் மழையிலும் யாராவது போட்டுத் தர வேண்டும். என்னைக் கேட்டால் முதல் ஆராய்ச்சித் தேவை இதுதான்.

சிறு அளவில் நானும் முயன்றேன். ஒரே அளவான தண்ணீர் பாட்டில்களின் கழுத்தை அறுத்துக் கவிழ்த்து வைத்து, வெட்டவெளியில் ஒன்று, தென்னைக்கு நடுவில் ஒன்று, சாதிக்காய்க்கு அடியில் ஒன்று என மழையை அளந்தேன். வெளியில் 5 மில்லிமீட்டர் பெய்த ஒரு மாலையில் சாதிக்காய்க்கு அடியில் 2 மில்லிமீட்டர்கூடத் தேறவில்லை. மீதி இலையிலேயே தங்கிக் காய்ந்துவிட்டது. பெருமழையில் வித்தியாசம் குறைந்தது. சிறு தூறல்களை நம்பியிருக்கும் மாதங்களில் இது பெரிய இழப்பு. இன்னொரு நாள் ஒரு தென்னைக்கும் சாதிக்காய்க்கும் நடுவே இடுப்பளவு குழி தோண்டிப் பார்த்தேன். மேலே ஒரு சாண் ஆழத்துக்குள், மக்கிய மட்டைத் தூளுக்கிடையே சாதிக்காயின் மயிர் போன்ற வேர்கள் பின்னிக் கிடந்தன. தென்னையின் கயிறு போன்ற வேர்கள் ஒன்றரை அடிக்குக் கீழேதான் கண்ணில் பட்டன. பங்கீடு ஒழுங்காகவே நடக்கிறது போலத் தோன்றியது. ஆனால் ஒரு குழியை வைத்து என்ன சொல்ல முடியும்? வாய்க்கால் பாசனத்தில் வேர் எப்படிப் போகும், சொட்டு நீரில் எப்படிப் போகும் என்பது தெரிய நூறு குழிகள் வேண்டும், அதுவும் பல வயதுத் தோப்புகளில்.

விளைச்சலை எப்படி அளப்பது என்பதும் தீராத பிரச்சினை. இரண்டு பயிரைக் கலந்தால், அதே விளைச்சலைத் தனித்தனியே எடுக்க எவ்வளவு நிலம் தேவைப்படும் என்று ஒப்பிடும் விகிதம் ஒன்று உண்டு. சோளத்தோடு துவரைக்கு அது பொருந்தும். முப்பது வயதுத் தென்னை, பதினான்கு வயதுச் சாதிக்காய், மூன்று வயது வாழை என்று நிற்கும் இடத்தில், ஒவ்வொன்றுக்கும் அதே வயதில், அதே மண்ணில் தனித்தோப்பு எங்கே போய்த் தேடுவது? தவிர, சாதிக்காய் பொறுக்குவது மழைக்காலத்தில் நாள்தோறும் செய்யும் வேலை. கொட்டையைச் சுற்றியுள்ள சிவப்பு உறையான பத்திரியைப் பிரித்துக் காயவைப்பது இன்னொரு வேலை. கூலியையும் ஆள் கிடைக்காத நாட்களையும் சேர்க்காத எந்தக் கணக்கும் எனக்கு உதவாது.

இங்கிலாந்தில் ராபர்ட் ஹார்ட் ஷ்ராப்ஷயரில் அமைத்த ஏழடுக்குத் தோட்டத்தையும், மார்ட்டின் கிராஃபோர்ட் 1994இல் டார்ட்டிங்டனில் தொடங்கிய இரண்டு ஏக்கர் தோட்டத்தையும் இணையத்தில் பலர் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அங்கே பற்றாக்குறை வெயிலுக்கு, இங்கே தண்ணீருக்கு. அந்தத் தாவரப் பட்டியல்களை மொழிபெயர்த்துப் பகிர்வதால் நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

கலப்புத் தோட்டத்தில் பூச்சி அண்டாது என்ற பேச்சையும் சோதித்தாக வேண்டும். 2016இல் பொள்ளாச்சிப் பகுதித் தென்னையில் சாறு உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈ தென்பட்டது. அது தென்னை ஓலையின் அடியில் இருந்துகொண்டு சொரியும் தேன் போன்ற கழிவு கீழே உள்ள எல்லா இலைகளிலும் படிந்து, அதன்மேல் கரும்பூசணம் பிடிக்கிறது. தனித்தோப்பில் தரையில் விழுந்து போகும் அந்தக் கழிவு, என் தோப்பில் கொக்கோவின் அகன்ற இலைகளைக் கரி பூசியது போல் ஆக்கிவிட்டது. இந்த ஈ வாழையிலும் பெருகும். அதே வாழையிலையின் அடியில் என்கார்சியா என்னும் ஒட்டுண்ணிக் குளவி துளைத்து வெளியேறிய கூடுகளையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். ஆக, வாழை பகைவனுக்குச் சத்திரமா, நண்பனுக்கு நாற்றங்காலா? மரவகைக்கு மரவகை, பருவத்துக்குப் பருவம் விடை மாறலாம். பொத்தாம்பொதுவான நம்பிக்கை இங்கே உதவாது.

எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழிப்பது காலம் பற்றிய கேள்வி. ஆய்வுத் திட்டங்கள் மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று முடிந்துவிடுகின்றன. தோப்போ ஐம்பது ஆண்டுக் காரியம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேர் வாடல் நோய் கண்ட நான்கு தென்னைகளை அடுத்தடுத்து வெட்ட நேர்ந்தது. நிழல் போனதும் அருகிலிருந்த இரண்டு சாதிக்காய் மரங்களின் மேற்குப் பக்கத்து இலைகள் ஒரே கோடையில் கருகின. ஆலோசனை கேட்கப் போன இடத்தில், வெட்டிய இடத்திலேயே நோய் எதிர்ப்புள்ள தென்னங்கன்றை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன், சாதிக்காயின் நிழலில் அது ஓலை நீண்டு, தண்டு பருக்காமல், வெளிச்சம் தேடிச் சாய்ந்து நிற்கிறது. மேலடுக்கு மரம் போனால் அடுத்த மேலடுக்கு எது, அதை எத்தனை ஆண்டுகள் முன்கூட்டியே வைக்க வேண்டும், இடைக்காலத்தில் கீழடுக்கை எப்படிக் காப்பது என்று சொல்லும் ஒரு பரிந்துரை இன்றுவரை என் கைக்கு வரவில்லை. இப்போதைக்கு மேற்குப் பக்கம் இரண்டு வரிசை கதலி வாழை வைத்திருக்கிறேன். கருகிய கிளைகளில் இந்த மழைக்குப் புதுத்துளிர் விட்டிருக்கிறது.