விற்க ஒரு ஃப்ளாட் இருந்தது

கேள்வி: என் பெறாமகள், அக்காவின் மகள், நியூ ஜெர்சியில் தாதியாக இருக்கிறாள். படிப்புக்கு வாங்கிய கடனை ஆறு வருடத்தில் கட்டி முடித்துவிட்டாள். அவளோடு ஒன்றாகப் படித்து, அதே அளவு கடன் வாங்கி, இப்போது அதே சம்பளம் எடுக்கும் கறுப்பினத் தோழிக்கோ வாங்கியதைவிடக் கடன் கூடிவிட்டதாம். அக்கா இங்கிருந்த ஃப்ளாட்டை விற்றுக் கொஞ்சம் உதவினார்தான். ஆனாலும் ஒரே சம்பளத்தில் இப்படி ஆகுமா? கையை அடக்கிச் செலவழிக்காததுதானே காரணம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இல்லை சகோதரி. 'கொஞ்சம் உதவினார்' என்று நீங்கள் சட்டென்று தாண்டிப்போன இடத்தில்தான் பதில் இருக்கிறது. வெள்ளவத்தையில் ஃப்ளாட் விற்ற காசு கொஞ்சமா? அந்தக் காசு முதலில் போய்ச் சேர்ந்தபடியால் வட்டி ஏற வழியில்லாமல் போனது. தோழிக்கு அப்படி ஒன்று வரவில்லை. சம்பளத்தைப் பார்த்து மாதத் தவணையைக் குறைத்துக் கொடுக்கும் திட்டங்கள் அங்கே இருக்கின்றன, ஆனால் அந்தத் தவணை பல நேரம் வட்டிக்கே போதாமல் போய்விடும், மாதம் தவறாமல் கட்டிக்கொண்டே வருவார்கள், கணக்கைத் திறந்து பார்த்தால் மீதி ஏறியிருக்கும்.

இது ஒரு பிள்ளையின் கதை மட்டும் இல்லை. புரூக்கிங்ஸ் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள்: பட்டம் வாங்கும்போது கறுப்பினப் பட்டதாரிக்கு வெள்ளையினப் பட்டதாரியைவிடச் சராசரியாக 7,400 டொலர் கடன் கூட. நாலே வருடத்தில் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட 25,000 டொலர். வட்டி சேர்வதும், மேற்படிப்புக்கு மறுபடி கடன் வாங்குவதும்தான் பெரிய காரணங்கள்.

சரி, தோழியைப் போன்றவர்கள் வீட்டில் ஏன் காசு இல்லை? 1930களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு அடித்து, வீட்டுக்கடனுக்கு ஆபத்தான இடம் என்று அரச நிறுவனமே ஒதுக்கியது. 1944இல் போர்வீரர்களுக்கு வீடும் படிப்பும் தரச் சட்டம் வந்தது. 1947இல் மிசிசிப்பியில் அதன்கீழ் மூவாயிரத்துக்கு மேல் கடன்கள் கொடுத்ததில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு. அன்று வீடு வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அப்பாவின் வீட்டைக் காட்டிப் படிக்கிறார்கள். 2022இல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கில், வரிசையின் நடுவில் நிற்கும் வெள்ளையினக் குடும்பத்துக்கு 285,000 டொலர் சொத்து, கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900.

இது நமக்குத் தெரியாத சங்கதியும் இல்லையே. எங்கள் பத்திரிகைக்குப் பக்கம் அமைத்துத் தரும் தம்பி ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். தங்கையின் படிப்புக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனார், முதல் கேள்வியே "காணி உறுதி இருக்கா?" மூன்று தலைமுறையாக இருக்கும் லயத்துக் காம்பிராவுக்கு, தோட்டத்து வரிசை வீட்டு அறைக்கு, உறுதி எங்கே இருக்கிறது? 1948இல் பிரஜாவுரிமையே பறிபோன சனம். கடைசியில் அம்மாவின் தோடு செட்டியார் தெருவில் அடகுக்குப் போனது. தோடு இருந்த, பூச்சுப் போன சின்னப் பெட்டியை வெறுமையாகத் திரும்பக் கொண்டுவந்து மேசை லாச்சியில் வைத்திருக்கிறார். அவரைப் பார்த்துக் கை அடக்கமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது, மதியச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்புகிறவர்.

அடுத்த முறை பெறாமகள் பேசும்போது, அந்தத் தோழி மாதாமாதம் தன் வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறாள் என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.