டேப் ஒட்டுவதற்கு முன்பா, பின்பா? ப்ராக்டிகல் பிஸ்டலில் மதிப்பெண் தகராறு

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். சில வருடங்களாக இங்கே 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுட்டு வருகிறேன். தாய்லாந்து போயிருந்தபோது பட்டாயா பக்கம் ஒரு கிளப்பில் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, அவர்கள் கொடுத்த 9 எம்எம் பிஸ்டலில் ஐபிஎஸ்சி (சர்வதேச ப்ராக்டிகல் ஷூட்டிங் கூட்டமைப்பு) விதிப்படி நடந்த ப்ராக்டிகல் பிஸ்டல் போட்டியில் கலந்துகொண்டேன். ஒரு ஸ்டேஜில், அதாவது போட்டியின் ஒரு சுற்றில், மூன்று தகராறு. மூன்றாம் டார்கெட்டில் ஆல்ஃபா (அதிக மதிப்புள்ள நடுப்பகுதி) கோட்டைத் தொட்ட குண்டை சார்லி (அதற்கு அடுத்த மதிப்புள்ள பகுதி) என்று எழுதிவிட்டார்கள். நான் மேகஸின்களைப் பொறுக்கிவிட்டு வந்து கேட்பதற்குள் ஓட்டைகளை மூடும் டேப் ஒட்டியாகிவிட்டது. இரண்டாவது, பாப்பரில் (குண்டு பட்டால் விழ வேண்டிய இரும்பு டார்கெட்) குண்டு பட்ட சத்தம் நன்றாகக் கேட்டது, ஆனால் அது விழவில்லை. மிஸ் என்றார்கள். கூட வந்த நண்பர் ஈயத் தடத்தைத் தொட்டே காட்டினார், ஏற்கவில்லை. மூன்றாவது, இடது கால் ஒரே ஒரு முறைதான் நிற்கும் எல்லைக் கோட்டைத் தாண்டியது, அதற்கு மூன்று ப்ரொசீஜரல் (விதிமீறலுக்கான தண்டனை). மாலையில் ரிசல்ட் பார்த்துவிட்டு முறையிட்டால் நேரம் முடிந்துவிட்டது என்கிறார்கள். இது நியாயமா?

பதில்: முதல் இரண்டிலும் அவர்கள் செய்தது விதிப்படி சரி. மூன்றாவதில் நீங்கள் ஜெயித்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது, ஆனால் தாமதமாகப் போனீர்கள். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு வகைப் புகாருக்கும் ஒரு கெடு உண்டு. பேப்பர் டார்கெட்டுக்கு டேப் ஒட்டும்வரை. பாப்பருக்கு யாராவது தொடும்வரை. தண்டனைப் புள்ளிக்கு ஒரு மணி நேரம். எது எப்போது முடிகிறது என்று தெரியாமல் போனால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பயனில்லை.

எதற்காகச் சண்டை போடலாம் என்பதை முதலில் கணக்கில் பாருங்கள். நீங்கள் அனுப்பிய ஸ்கோர்ப்படி அது 12 ரவுண்டு ஸ்டேஜ்: ஐந்து பேப்பர் (தலா இரண்டு குண்டு), இரண்டு பாப்பர், மொத்தம் 60 புள்ளி. மைனர் பவர் ஃபேக்டரில் (தோட்டா வலுவின் கீழ்ப் பிரிவில்) ஆல்ஃபா 5, சார்லி 3, டெல்டா 1. உங்களுக்கு 6 ஆல்ஃபா, 4 சார்லி, அதாவது 42. விழுந்த பாப்பருக்கு 5. நின்ற பாப்பருக்கு மிஸ், கழித்தல் 10. மூன்று ப்ரொசீஜரலுக்குக் கழித்தல் 30. மிச்சம் 7. நேரம் 9.50 விநாடி. புள்ளியை நேரத்தால் வகுத்தால் ஹிட் ஃபேக்டர் 0.74. ஸ்டேஜில் முதலாவதாக வந்தவரின் ஹிட் ஃபேக்டர் 6.00. அவருக்கு முழு 60, உங்களுக்கு அதே விகிதத்தில் 7.37.

அந்த சார்லி ஆல்ஃபாவாக மாறியிருந்தால் 9.47. மூன்று ப்ரொசீஜரல் ஒன்றாகக் குறைந்திருந்தால் 28.42. அதோடு பாப்பரை இன்னொரு முறை சுட்டு வீழ்த்தியிருந்தால், அதற்கு ஒரு விநாடி கூடுதலாக ஆகியிருந்தாலும், 42 புள்ளியை 10.50 விநாடியால் வகுத்து ஹிட் ஃபேக்டர் 4.00, ஸ்டேஜ் புள்ளி 40. கடிதத்தில் நீங்கள் அதிகம் வருத்தப்பட்டிருப்பது சார்லியைப் பற்றி. மூன்றிலும் மலிவானது அதுதான்.

மலிவானது என்றாலும் அடிக்கடி வரும் தகராறு அதுவே என்பதால் முறையைச் சொல்லிவிடுகிறோம். "ரேஞ்ச் இஸ் கிளியர்" என்று ரேஞ்ச் ஆபீசர் (ஸ்டேஜை நடத்தும் அதிகாரி) சொன்னதும் ஸ்கோர் எடுப்பவரோடு கூடவே நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்களால் முடியாவிட்டால் உங்கள் சார்பில் ஒருவரை அனுப்பலாம். இருவரும் போகவில்லை என்றால், பார்க்காத டார்கெட்டைப் பற்றிப் பேசும் உரிமை போய்விடுகிறது. ஏர் பிஸ்டலில் எலெக்ட்ரானிக் டார்கெட் மானிட்டரில் எண்ணைக் காட்டிவிடும், நீங்கள் இடத்தைவிட்டு நகர வேண்டியதில்லை. அந்தப் பழக்கம்தான் இங்கே காலை வாரியது. மேகஸினைப் பிறகு பொறுக்கிக்கொள்ளலாம், அது எங்கும் ஓடிவிடாது.

ஆனால் கூடப் போகிறோம் என்பதற்காக டார்கெட்டில் மூக்கை வைத்துப் பார்க்கக் கூடாது. அனுமதி இல்லாமல் ஒரு மீட்டருக்குள் நெருங்கினால் முதல் தடவை எச்சரிக்கை. மறுபடியும் நெருங்கினால் ஒரு ப்ரொசீஜரல் கொடுக்க ஆபீசருக்கு அதிகாரம் உண்டு. ஓட்டையில் விரல் விடுவதும், சொந்த அளவுகோலை வைப்பதும் அதைவிட மோசம். நின்ற இடத்திலிருந்தே "ஓவர்லே, ப்ளீஸ்" என்று கேளுங்கள், அது போதும்.

ஓவர்லே என்பது குண்டின் விட்டத்துக்கு வட்டம் அச்சிட்ட ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு. 9 எம்எம் குண்டின் விட்டம் 9.02 மில்லிமீட்டர். அட்டை சற்று விரிந்து சுருங்குவதால் ஓட்டை அதைவிடச் சிறியதாகத்தான் தெரியும். அதனால் வெறும் கண்ணுக்கு "கோட்டைத் தொடவில்லை" என்று தோன்றும் குண்டு ஓவர்லேயில் தொட்டிருக்கும். வட்டத்தைப் பொருத்த வேண்டியது ஓட்டையின் விளிம்போடு அல்ல, அதைச் சுற்றித் தெரியும் கரும்சாம்பல் நிற மசி வளையத்தோடு. வட்டம் கோட்டைத் தொட்டாலே கூடுதல் மதிப்பு உங்களுக்கு. ஓட்டையிலிருந்து வெளியே ஓடும் கிழிசல் கோட்டைத் தாண்டிப் போயிருந்தாலும் அது கணக்கில்லை. ஓட்டை குண்டைவிடப் பெரிதாக இருந்து மசி வளையமோ வேறு தடயமோ இல்லையென்றால், தெறித்து வந்த துண்டு என்று எடுத்துக்கொண்டு மதிப்பே தர மாட்டார்கள். ஒரே ஓட்டையில் இரண்டு குண்டு போயிருக்கிறது என்று நீங்கள் வாதாடும்போதும் ஓவர்லேதான் தீர்ப்பு சொல்லும். ஓரிடத்தில் வட்டத்தைப் பொருத்தியபின் மசி வளையத்தின் இன்னொரு வளைவு வெளியே எட்டிப் பார்க்கிறதா என்று தேடுவார்கள்.

ரேஞ்ச் ஆபீசர் ஒத்துக்கொள்ளாவிட்டால் சீஃப் ரேஞ்ச் ஆபீசர், பிறகு ரேஞ்ச் மாஸ்டர். அதுவரை அந்த டார்கெட்டில் யாரும் டேப் ஒட்டக் கூடாது. தேவைப்பட்டால் அதைக் கழற்றி எடுத்து, எந்தக் குண்டு என்று குறித்து, நீங்களும் ஆபீசரும் முன்பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். குண்டுபட்ட இடத்தைப் பொறுத்தவரை ரேஞ்ச் மாஸ்டர் சொன்னால் சொன்னதுதான். அதற்கு மேல் அப்பீல் கிடையாது, பணம் கட்டினாலும் கிடையாது. உங்கள் விஷயத்தில் ஆபீசர் மதிப்பைச் சொல்லி எழுதிய பிறகுதான் டேப் ஒட்டப்பட்டது. அதனால் கதை அங்கேயே முடிந்தது. மதிப்பு எழுதுவதற்கு முன்பே யாராவது அவசரத்தில் ஒட்டி, ஸ்கோரைக் கண்டுபிடிக்க முடியாமல் போயிருந்தால் ஸ்டேஜை மறுபடி சுட வைத்திருப்பார்கள்.

பாப்பருக்கு வருவோம். குண்டு பட்டும் பாப்பர் விழாவிட்டால் உங்கள் முன்னால் மூன்று வழி. விழும்வரை மறுபடி சுடலாம். அப்படி வீழ்த்திவிட்டால் பிறகு அதைப் பற்றிப் புகார் சொல்ல முடியாது. விட்டுவிட்டு நகர்ந்து மிஸ்ஸை ஏற்கலாம். அல்லது நிற்கவிட்டு, ஸ்டேஜ் முடிந்ததும் "காலிப்ரேஷன் சேலஞ்ச்" என்று சொல்லலாம், அதாவது பாப்பர் சரியாக விழும்படி வைக்கப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கக் கேட்கலாம். மூன்றாவது வழியை எடுத்தால் அந்தப் பாப்பரையும் அது நிற்கும் இடத்தையும் ஒருவரும் தொடக் கூடாது. ஆபீசர் தொட்டால் உங்களுக்கு ரீஷூட் (ஸ்டேஜை மறுபடி சுடும் வாய்ப்பு) கிடைக்கும். போட்டியாளரோ வேறு யாரோ தொட்டால் மிஸ். உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தில்தான் விரலை வைத்தார், ஆனால் புகாரை முடித்துவைத்தது அந்த விரல்தான். பரிசோதனைக்கு முன்பே காற்றில் விழுந்திருந்தால்கூட ரீஷூட் கிடைத்திருக்கும்.

தொடாமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பீர்களா? சந்தேகம்தான். அதிகாரி ஒருவர் பவர் ஃபேக்டர் 125-ஐத் தாண்டாத தோட்டாவால், நீங்கள் சுட்ட இடத்துக்கு இயன்றவரை அருகிலிருந்து ஒரு குண்டு சுடுவார். காலிப்ரேஷன் பகுதியிலோ (பாப்பரின் மேலே உள்ள வட்டம்) அதற்குக் கீழேயோ பட்டு விழுந்தால் பாப்பர் சரி, உங்களுக்கு மிஸ். அங்கே பட்டும் விழாவிட்டால் பாப்பர் பழுது, உங்களுக்கு ரீஷூட். அதற்கு மேலே பட்டால் விழுந்தாலும் விழாவிட்டாலும் ரீஷூட். பாப்பரிலேயே படாவிட்டால் மறுபடி சுடுவார். உங்கள் குண்டு எங்கே பட்டது என்று இதில் யாரும் கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் ஈயத் தடம் தண்டுப் பகுதியில், மேலே இருக்கும் வட்டத்துக்கு நன்றாகக் கீழே இருக்கிறது. அடிக்கு நெருக்கமாகப் பட்டால் தள்ளும் விசை போதாது. அதிகாரி வட்டத்தின் நடுவில் சுட்டிருந்தால் அநேகமாக விழுந்திருக்கும்.

தோட்டாவையும் யோசியுங்கள். குண்டின் எடையை கிரெயினிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் எடுத்து, பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் பவர் ஃபேக்டர். 124 கிரெயின் குண்டு 1010 அடி வேகத்தில் போனால் 125.24, மைனருக்கு வேண்டிய 125-ஐ நூலிழையில்தான் தாண்டுகிறது. அப்படிப்பட்ட தோட்டாவோடு தண்டில் சுட்டுவிட்டு சத்தத்தை நம்பி நகர்வது சூதாட்டம். சத்தத்தைக் கேட்காதீர்கள், பாப்பர் சாயத் தொடங்குவதைப் பாருங்கள். சாயவில்லையா, உடனே இன்னொன்று. தடம் வட்டத்துக்குள் இருக்கிறது என்ற உறுதி இருந்தால் மட்டும் சேலஞ்ச். ரீஷூட் கிடைத்தால் முழு ஸ்டேஜும் புதிதாகத் தொடங்கும், உங்கள் மூன்று ப்ரொசீஜரலும் சேர்ந்தே அழிந்திருக்கும். நன்றாகச் சுட்ட ஸ்டேஜ் என்றால் அந்த நல்லதும் அழியும். இதெல்லாம் பாப்பருக்கு மட்டும். தட்டையான மெட்டல் ப்ளேட்டுக்கு காலிப்ரேஷன் சேலஞ்ச் கிடையாது. அது பட்டும் விழவில்லை என்று ஆபீசர் கருதினால் உபகரணக் கோளாறு என்று ரீஷூட் கொடுப்பார்.

கால் விஷயத்தில் உங்கள் வாதம் பாதி சரி. ஃபால்ட் லைனுக்கு (அந்த எல்லைக் கோட்டுக்கு) வெளியே தரையைத் தொட்டபடி சுட்டால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு ப்ரொசீஜரல், அதாவது 10 புள்ளி. அப்படி நின்றதால் ஒரு டார்கெட்டில் கணிசமான சாதகம் கிடைத்திருந்தால், அந்த டார்கெட்டில் சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் ஒன்று. நீங்கள் ஐந்தாம் டார்கெட்டில் இரண்டும், திருத்தமாக இன்னொன்றும் சுட்டீர்கள், அதனால்தான் மூன்று. கேள்வி ஒன்றே: ஐந்தாம் டார்கெட் கோட்டுக்குள் நின்றாலும் அதே அளவு தெரிந்திருக்குமா? நீங்கள் வரைந்த படத்தின்படி தெரிந்திருக்கும். அப்படியானால் ஒன்றுதான் நியாயம். சுவரின் விளிம்பைத் தாண்டிப் பார்க்கவே கால் வெளியே போனது என்றால் மூன்றும் சரி.

இதை நிரூபிக்க வேண்டிய இடம் அந்த ஸ்டேஜேதான். சீஃபைக் கூப்பிட்டு, கோட்டுக்குள் அவரையே நிற்கச் சொல்லிப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். பிறகு ரேஞ்ச் மாஸ்டர். அவரும் ஏற்காவிட்டால், குண்டு மதிப்பைப் போலல்லாமல், இதற்கு ஆர்பிட்ரேஷன் (தீர்ப்புக் குழுவிடம் முறையீடு) உண்டு. சம்பவம் நடந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ரிசல்ட் வந்த நேரத்திலிருந்து அல்ல. ஸ்டேஜ், நேரம், ஆபீசர் சொன்ன காரணம், நீங்கள் கேட்கும் மாற்றம், சாட்சிகள் யார் என்பது போதும். "அநியாயம்" என்று இரண்டு பக்கம் எழுத வேண்டாம். கட்டணம் கிளப் போட்டிகளில் நடத்துபவர் வைப்பதுதான், 100 அமெரிக்க டாலருக்கு மேல் போகக் கூடாது. ஜெயித்தால் திரும்பக் கிடைக்கும். 20 புள்ளிக்கு அந்தப் பணம் தகுமா என்பது உங்கள் பாடு. நாங்கள் முதலில் ரேஞ்ச் மாஸ்டரோடு நிறுத்திப் பார்ப்போம், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

ஊரிலேயே பழக வழியுண்டு. அவென்யூ ரோட்டில் ஒளிபுகும் ஷீட் வாங்கி, ஏர் பிஸ்டல் குண்டின் அளவான 4.5 மில்லிமீட்டர் வட்டம் அச்சிடுங்கள். கிளப்பில் பழைய பேப்பர் டார்கெட் இருந்தால் கோட்டோரத் துளைகளை முதலில் கண்ணால் மதிப்பிட்டு, பிறகு ஷீட்டை வைத்துச் சரிபாருங்கள். வீட்டுத் தரையில் ஒரு டேப் ஒட்டி, அதைப் பார்க்காமலே காலை உள்ளே நிறுத்தப் பழகுங்கள். ரூல் புக் அவ்வப்போது திருத்தப்படுவதால் அடுத்த பயணத்துக்கு முன் நடப்புப் பதிப்பைப் படித்துவிடுங்கள்.

கடைசியில் கேட்டிருந்தீர்கள், டேப்லெட்டில் ஒப்புதல் அழுத்தியபின் மாற்றலாமா என்று. கூட்டல் பிழை என்றால் திருத்துவார்கள். மற்றபடி இரு தரப்பும் சம்மதித்தால், அல்லது ஆர்பிட்ரேஷன் தீர்ப்பு வந்தால் மட்டும். அழுத்துவதற்கு முன் ஆல்ஃபா, சார்லி, டெல்டா, மிஸ், மெட்டல் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். 12 ரவுண்டு ஸ்டேஜில் 12 வராவிட்டால் திரையை அவரிடமே திருப்பிக் கொடுங்கள்.