காரை விட்டு இறங்க மறுத்த பையன் வழிகாட்டியாகப் போகலாமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகனுக்கு 16 வயது. 11 வயதில் முதல் கோடைக்கால முகாமுக்குக் கூட்டிப்போனபோது வாசலில் அரை மணி நேரம் காரை விட்டு இறங்காமல் அடம்பிடித்தவன். இப்போது அதே முகாம், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பழகும் பயிற்சி வழிகாட்டியாக அவனை வரச்சொல்லிக் கூப்பிடுகிறது. நான்கு வாரம், சம்பளம் கிடையாது. பள்ளி இறுதித் தேர்வு நெருங்கும் நேரத்தில் இது தேவையா, நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன் பிள்ளைகளை எப்படிக் கட்டி மேய்ப்பான் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், 10 வயது மகளையும் இந்த வருடம் முதல் முறையாக அங்கே அனுப்ப நினைப்பதாகவும், அவள் "மாட்டேன்" என்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு அந்தக் கடைசி வரிதான் பெரிதாகப் பட்டது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வீட்டை விட்டு முதல் முறை தங்கப்போகும் குழந்தைக்கு வீட்டு ஏக்கம் வருவது இயல்பு. கொஞ்சமாவது ஏங்காத குழந்தைதான் அபூர்வம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2007-ல் இதைப் பற்றித் தனியாக ஒரு மருத்துவ அறிக்கையே வெளியிட்டது. முன்கூட்டியே தயார்ப்படுத்தினால் ஏக்கத்தின் கடுமையை நிறையக் குறைக்க முடியும் என்பது அதன் சாரம். போவதா வேண்டாமா, எத்தனை நாள் என்ற முடிவில் குழந்தைக்கும் பங்கு இருக்கவேண்டும். அதற்கு முன் இரண்டு மூன்று முறை உறவினர் வீட்டிலோ தோழி வீட்டிலோ இரவு தங்கிப் பழகியிருக்க வேண்டும். அப்புறம், பெற்றோர் அதிகம் தவறு செய்யும் இடம் ஒன்று: "பிடிக்கவில்லை என்றால் ஒரு போன் பண்ணு, அப்பா வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுப்பது.

அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் குழந்தையின் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. 'என்னால் முடியாது என்று அப்பாவே நினைக்கிறார்' என்று எடுத்துக்கொள்கிறாள். முதல் நாள் இரவு மனம் கலங்கியதும் வேறு எந்த வழியையும் தேடாமல் அந்த போனையே நினைத்துக்கொண்டு படுத்திருப்பாள். அவள் "அழுகை வந்தால் என்ன செய்வது?" என்று கேட்டால், "வரலாம். அப்போது உன் குழுவில் இருக்கும் அக்காவிடம் சொல். மறுநாள் காலை எப்படி இருந்தது என்று எனக்குக் கடிதம் எழுது" என்று சொல்லுங்கள். அழுகை வரவே வராது என்று மட்டும் சொல்லாதீர்கள். வந்துவிட்டால் அதற்கப்புறம் உங்கள் பேச்சை நம்பமாட்டாள்.

அதற்காக எது நடந்தாலும் பொறுத்துக்கொள் என்று விட்டுவிடச் சொல்லவில்லை. பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்றால் முகாம் பொறுப்பாளரிடம் பேசி முடிவெடுங்கள். யாராவது அடித்தார்கள், மிரட்டினார்கள், தொடக்கூடாத விதத்தில் தொட்டார்கள் என்றால் அன்றே கிளம்புங்கள், ஒரு கேள்வியும் கேட்காமல் கூட்டிவாருங்கள். சேர்ப்பதற்கு முன் எத்தனை பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளர் என்று கேட்டு வாங்குங்கள். அமெரிக்க முகாம்கள் சங்கத்தின் அளவுகோலில், இரவு தங்கும் முகாமில் 9 முதல் 14 வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு ஒருவர். எந்த நாட்டு முகாமாக இருந்தாலும் இதை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சரி, மகனிடம் வருகிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன் அவன் எப்படி அழுகையை நிறுத்தினான் என்று அவனிடம் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? கடிதத்தில் காரில் நடந்ததை விலாவாரியாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கப்புறம் உள்ளே என்ன நடந்தது என்று ஒரு வரி இல்லை. உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் அதை வீட்டில் சொல்வதில்லை. ஆனால் அவன் கையில் இருக்கும் முதல் பெரிய சொத்து அதுதான். முதல் நாள் எந்த நேரத்தில் பயம் அதிகமாகும், விளக்கு அணைந்ததும் நெஞ்சு எப்படி அடைக்கும், யார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் தேவலாம் என்று இருக்கும், இதெல்லாம் அவனுக்கு உடம்பில் பதிந்து தெரியும். முதல் நாளே குதித்துக்கொண்டு ஓடிய பையனுக்கு இது தெரியாது.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-ல் 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து எழுதினார். தானே செய்து ஜெயிப்பதுதான் அதில் வலிமையானது. இன்னொன்று, தன்னைப் போன்ற ஒருவர் செய்துமுடிப்பதைக் கண்ணால் பார்ப்பது. இங்கே 'தன்னைப் போன்ற' என்பதுதான் முக்கியம். சுவரோரம் நிற்கும் குழந்தைக்கு, மேடையில் கலக்கும் அண்ணனைப் பார்த்துத் தைரியம் வராது. "நானும் முதல் நாள் காரை விட்டு இறங்கவே இல்லை, தெரியுமா?" என்று சொல்லும் அண்ணனைப் பார்த்தால் வரும்.

கூச்ச சுபாவம் தலைமைக்கு ஆகாது என்ற எண்ணத்தை இந்த ஒரு விஷயத்திலாவது விட்டுவிடுங்கள். பயிற்சி வழிகாட்டி நாள் முழுக்கச் செய்வது என்ன? காலையில் எழுப்பிவிடுவது, காணாமல்போன செருப்பைத் தேடுவது, தண்ணீர் பக்கம் போகும்போதும் வரும்போதும் தலை எண்ணுவது, சாப்பிடாமல் தட்டை அளைந்துகொண்டிருப்பது யார் என்று பார்ப்பது, கூடாரம் கூட்டவைப்பது, ராத்திரி விசும்பும் சத்தம் எந்தப் படுக்கையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. இதில் பாதிக்கு மேல் கவனிக்கும் வேலை. அதிகம் பேசாத பிள்ளைகள் பலர் நன்றாகக் கவனிப்பார்கள். சத்தமாகப் பாட்டு ஆரம்பித்துவைப்பதும் விளையாட்டு விதிகளை விளக்குவதும் மீதி. அதைப் பழகலாம். முதல் வாரம் மூன்று பேருக்கு விளக்கட்டும், அடுத்த வாரம் எட்டுப் பேருக்கு.

பிள்ளைகளிடமே பொறுப்பைக் கொடுப்பது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய சோதனை முகாமில் சுமார் 20 சிறுவர்கள்தான். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய பையனையே தலைவனாக வைத்தார். சாரணர் இயக்கம் முழுவதும் அந்த ஏற்பாட்டின் மேல்தான் வளர்ந்தது.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவியைச் சொல்கிறேன். 17 வயது. "கேம்ப்பில் நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை சார், சும்மா பசங்களோடு இருந்தேன்" என்றாள். நான் விடவில்லை, ஒவ்வொரு நாளாகக் கேட்டேன். தண்ணீரில் இறங்கப் பயந்த ஒரு சிறுமி பற்றிச் சொன்னாள். மூன்று நாள் இவளும் தண்ணீரில் இறங்கவில்லையாம். அந்தச் சிறுமியோடு கரையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டு கதை பேசியிருக்கிறாள். நான்காம் நாள் அந்தப் பெண்ணே முழங்கால் அளவுக்கு இறங்கியிருக்கிறாள். அவ்வளவுதான் நடந்தது. நீச்சல் கற்றுக்கொள்ளவில்லை, பரிசு ஒன்றும் வாங்கவில்லை. பிற்பாடு ஒரு நேர்காணலில் இந்த மாணவி சொன்ன ஒரே முகாம் அனுபவம் இதுதான். கேட்டவர்கள் அடுத்த பத்து நிமிடம் அதைப் பற்றியே பேசினார்களாம்.

நேர்காணல்களில் இப்போது "நீங்கள் பொறுமைசாலியா?" என்று யாரும் கேட்பதில்லை. "உங்கள் குழுவில் சண்டை வந்தபோது என்ன செய்தீர்கள்? ஒரு சம்பவம் சொல்லுங்கள்" என்கிறார்கள். என்ன சூழ்நிலை, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செய்தாய், என்ன ஆயிற்று, இந்த நான்கும் பதிலில் வரவேண்டும். பள்ளியை விட்டு வெளியே போகாத பிள்ளைகள் இந்த இடத்தில் திணறுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மதிப்பெண் இருக்கும், சொல்வதற்குச் சம்பவம் இருக்காது. உங்கள் மகனுக்கு நான்கு வாரத்தில் இருபது சம்பவம் கிடைக்கும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மறந்துபோகும். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கொடுத்தனுப்புங்கள். தூங்கும் முன் ஐந்து வரி: இன்று என்ன பிரச்சினை வந்தது, நான் என்ன செய்தேன், எது சரிப்படவில்லை. பிள்ளைகளின் பெயரை அதில் எழுதவேண்டாம்.

அவன் தெரிந்துகொண்டு போகவேண்டிய சில விஷயங்களும் உண்டு. இரண்டு கூடாரத்துப் பையன்களுக்குள் பகை வந்துவிட்டால் சமாதானப் பேச்சு அவ்வளவாக எடுபடாது. 1954-ல் முசாபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 22 சிறுவர்களை ஒரு முகாமில் இரண்டு குழுவாகப் பிரித்துப் போட்டி வைத்தார். கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது. ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டபோது ஒருவர்மேல் ஒருவர் சாப்பாட்டை வீசினார்கள். இரண்டு குழுவும் சேர்ந்தால்தான் முடியும் என்ற வேலைகளைக் கொடுத்த பிறகுதான், தண்ணீர் வராத தொட்டியைச் சரிசெய்வது, நின்றுபோன லாரியைக் கயிறு கட்டி இழுப்பது போன்றவற்றில், மெல்ல மெல்லப் பகை தணிந்தது. விவரம் அறியாத பிள்ளைகளை வேண்டுமென்றே மோதவிட்டதால் அந்தச் சோதனையை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் முகாமில் வேலைசெய்யும் எவருக்கும் பயன்படும் பாடம் அதில் இருக்கிறது.

இன்னொன்றை நீங்களே சொல்லி அனுப்புங்கள். ஏதாவது ஒரு குழந்தை, "அண்ணா, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கள்" என்று ஆரம்பிக்கும். அவன் சத்தியம் பண்ணக்கூடாது. "நீ சொல்வது உனக்கு ஆபத்தானதாக இருந்தால் நான் பெரியவர்களிடம் சொல்லித்தான் ஆகவேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 16 வயதில் இது கஷ்டம். அப்புறம், போன வருடம் வரை கூடத் தங்கிய நண்பர்கள் இன்னும் முகாமுக்கு வரும் பிள்ளைகளாகவே இருப்பார்கள். அவர்களிடமும் இவன் முகாம் விதிகளைச் சொல்ல நேரும். முதல் வாரம் இதில்தான் மனம் சோர்ந்துபோவான் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

படிப்பைப் பற்றி நேராகச் சொல்கிறேன். ஏதாவது ஒரு பாடத்தில் அடிப்படையே ஆட்டம் காண்கிறது என்றால் நான்கு வாரத்தை இரண்டாகக் குறைத்துத் தரமுடியுமா என்று முகாமிடம் கேளுங்கள். ஓரளவு நன்றாகப் படிக்கிறான் என்றால் முழுதாக அனுப்புங்கள். ஆனால் இது வெறும் இலவச வேலையாக இருக்கக்கூடாது. அவனுக்கு என்ன பயிற்சி தருவார்கள், முதலுதவி சொல்லித்தருவார்களா, அவன் வேலையை யார் மேற்பார்வை செய்வார்கள், வாரம் ஒரு முறையாவது உட்கார்ந்து எது சரி எது தவறு என்று பேசுவார்களா என்று எழுதிக் கேளுங்கள். 18 நிரம்பாத பையனிடம் பிள்ளைகளைத் தனியாக ஒப்படைப்பார்கள் என்று தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் அதில் உறுதியாக இருக்கிறேன்.

ரெஸ்யூமில் எழுதும்போது 'பயிற்சி வழிகாட்டி' என்றே எழுதட்டும், 'முகாம் தலைவர்' என்று ஊதவேண்டாம். எத்தனை வாரம், எந்த வயதுப் பிள்ளைகள், எத்தனை பேர் என்று இருந்தால் போதும். முடியும்போது பொறுப்பாளரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். இந்த முகாம் அனுபவத்தை வைத்து இன்ன படிப்புதான் எடுக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆசிரியர், செவிலியர், இயன்முறை மருத்துவர், சமூகப் பணி என்று மனிதர்களோடு பழகும் எந்தத் துறைக்கும் இது உதவும். ஒருவேளை நான்கு வாரம் முடிந்து வந்து, "எனக்குப் பிள்ளைகளோடு வேலை செய்யப் பிடிக்கவில்லை" என்று சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். கல்லூரியில் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து அதைக் கண்டுபிடித்துக் கலங்கியவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போவதானால், மகள் இருக்கும் குழுவுக்கு அவனைப் போடவேண்டாம் என்று முகாமில் சொல்லிவிடுங்கள். அவள் எல்லாவற்றுக்கும் அண்ணனிடம் ஓடுவாள், அவனுக்கும் மற்றப் பிள்ளைகள் கண்ணில் படமாட்டார்கள்.

முகாமுக்குப் பதில் எழுதும் முன் ஒன்று செய்யுங்கள். இந்த வாரக் கடைசியில் பழைய முகாம் பையைப் பரணிலிருந்து இறக்கி இரண்டு பேர் முன்னாலும் வையுங்கள். என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்று தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கும்படி மகனிடம் சொல்லுங்கள். காரில் நடந்ததையும் அதற்கப்புறம் நடந்ததையும் அவளிடம் சொல்லும்படி கேளுங்கள். நீங்கள் அந்த அறையில் இருக்கவேண்டாம். வெளியே வந்ததும் மகள் என்ன கேட்டாள், அவன் என்ன பதில் சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள். அவன் போகலாமா என்பதை அப்புறம் பேசலாம்.