காலரா வந்தால் நம் நோய் எதிர்ப்பு மண்டலம் என்ன செய்கிறது?

முதல் தடை இரைப்பை அமிலம். விழுங்கிய கிருமிகளில் பெரும்பாலானவை அங்கேயே செத்துவிடும். அமிலம் குறைவாகச் சுரப்பவர்களுக்குக் காலரா எளிதில் தொற்றுவது இதனால்தான்.

தப்பிய கிருமிகள் சிறுகுடலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. திசுவுக்குள் புகுவதில்லை, ரத்தத்திலும் கலப்பதில்லை. வெளியே இருந்தபடியே நச்சை அனுப்புகின்றன. அது குடல் செல்களை உப்பை வெளியே கொட்ட வைக்கிறது. பின்னாலேயே தண்ணீரும் போகிறது. டைபாய்டு போலக் கடும் காய்ச்சல் பெரும்பாலும் இல்லாததற்குக் கிருமி திசுவுக்குள் புகாததே காரணம்.

சரி, உடல் சும்மா இருக்கிறதா? இல்லை. குடல்சுவரில் உள்ள பி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் ஐஜிஏ என்ற எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி)த் தயாரித்துக் குடலுக்குள்ளேயே சுரக்கின்றன. முக்கிய இலக்கு நச்சு அல்ல, கிருமியின் மேலுறையில் உள்ள சர்க்கரைச் சங்கிலி. அதில் எதிர்ப்புரதம் ஒட்டினால் கிருமியால் நீந்த முடியாது, ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு வெளியேறும். சங்கிலி மாறினால் பழைய பாதுகாப்பு உதவாது: 1992இல் ஓ139 என்ற புதுவகைக் காலரா கிருமி கிளம்பியபோது, அதற்கு முன் பரவிவந்த ஓ1 வகைக்கு எதிர்ப்புச்சக்தி பெற்றிருந்த பெரியவர்களும் நோயில் விழுந்தார்கள்.

ஆனால் இந்த எதிர்ப்புரதம் உருவாக ஒரு வாரமாவது ஆகும். கடும் காலராவோ சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். அதனால் அந்த நேரத்தில் உயிர் காப்பது ஓஆர்எஸ் கரைசலும் நரம்பு வழி ஏற்றும் திரவமும்தான். குணமானபின், கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவு செல்கள் சில வருடங்கள் காக்கும். தடுப்பு மருந்தை வாய்வழி கொடுப்பதும் குடலிலேயே அந்த ஐஜிஏவைத் தூண்டத்தான்.