பச்சைத் தண்ணீர் ஏன் பச்சையாக இல்லை?

கேள்வி (கல்லூரி மாணவி, மதுரை): பச்சை என்பது நிறம்தானே ஐயா? ஆனால் பச்சைத் தண்ணீருக்கு நிறமே கிடையாது. பச்சரிசி வெள்ளை, பச்சைக் கற்பூரமும் வெள்ளை. நிறத்தின் பெயர் இங்கெல்லாம் எப்படி வந்து ஒட்டியது?

பதில்: நிறம் வந்து ஒட்டவில்லையம்மா. ‘பசு’ அல்லது ‘பச்’ என்று தொடங்கும் இந்த வேருக்கு நிறம் ஒரு கிளை மட்டுமே. ஈரம் வற்றாதது, வேகாதது, சுடாதது, முற்றாதது என்பது இன்னொரு கிளை. காய்ச்சாத தண்ணீர் பச்சைத் தண்ணீர், சூளைக்குப் போகாத கல் பச்சைக் கல், பிறந்து சில நாளே ஆனது பச்சைப் பிள்ளை, பிள்ளை பெற்று எழுந்தவளுக்குப் பச்சை உடம்பு.

இது பிற்காலப் பேச்சு வழக்கு என்று நினைத்துவிட வேண்டாம். குறுந்தொகை 29-ஆம் பாட்டில் ‘பெயல்நீர்க்கு ஏற்ற பசுங்கலம் போல’ என்று ஔவையார் பாடுகிறார். குறள் 660-லும் ‘பசுமண் கலத்துள் நீர்பெய்து இரீஇயற்று’ என்று வருகிறது. இரண்டுமே சுடாத மண்பாத்திரம். பச்சை வண்ணம் பூசிய பாத்திரம் அல்ல. களிமண்ணை நன்றாகச் சூடேற்றினால்தான் அதன் கட்டமைப்பிலேயே பிணைந்திருக்கும் நீர் வெளியேறி, மறுபடி குழையாத பொருளாக அது மாறும். அதுவரை எவ்வளவு காயவைத்தாலும் தண்ணீர் பட்டால் கரையும். வஞ்சகத்தால் சேர்த்த பொருள் நிற்காது என்று சொல்ல வள்ளுவர் இதை எடுத்தது அந்தக் கரைதலுக்காகத்தான்.

கேள்வி (மளிகைக் கடை வைத்திருப்பவர், திண்டுக்கல்): பச்சை மிளகாய், பச்சைப் பயறு, பச்சைப் பட்டாணி, பச்சைக் கடலை. எது நிறம், எது ‘வேகாதது’? பிரித்துப் பார்க்க வழி உண்டா?

பதில்: எதிர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். எதிர்ச்சொல் வறுத்தது, புழுங்கியது, காய்ந்தது, சுட்டது என்று வந்தால் அது நிலையைக் குறிக்கும் பச்சை. வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று வந்தால் நிறம்.

பச்சைக் கடலைக்கு எதிர் வறுகடலை, ஆக நிலை. பச்சரிசிக்கு எதிர் புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்துக் குத்தினால் புழுங்கல். அவிக்காமல் காயவைத்துக் குத்தினால் பச்சரிசி. பச்சைப் பயறு கடைக்கு வரும்போது காய்ந்த தானியம், அதைப் பச்சை என்பது தோலின் நிறத்தால். பட்டாணி இரண்டு பக்கமும் நிற்கும்: சாக்கில் இருப்பதை வெள்ளைப் பட்டாணி, பச்சைப் பட்டாணி என்கிறோம், அங்கே நிறம். மார்கழியில் தோலோடு வருவதும் பச்சைப் பட்டாணிதான், அங்கே காயாதது என்ற பொருள். வாடிக்கையாளர் வெறுமனே ‘பச்சைப் பட்டாணி’ என்றால் ‘காஞ்சதா, உரிச்சதா?’ என்று கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

மிளகாய்தான் சுவையான வழக்கு. கண்ணுக்கு நிறம் போலத் தெரியும். ஆனால் தெலுங்கில் அதைப் ‘பச்சி மிர்ச்சி’ என்கிறார்கள். பச்சி என்றால் அங்கே வேகாதது, காயாதது. கன்னடத்தில் ‘ஹசி மெணசினகாயி’. ஹசி என்பதும் அதுவே, பச்சை நிறத்துக்கு அவர்கள் சொல் ஹசிரு. பக்கத்து மொழிகள் இரண்டும் நிறச்சொல்லை விட்டுவிட்டு நிலைச்சொல்லை எடுத்திருக்கின்றன. தமிழில் இரண்டுக்கும் ஒரே வடிவம் என்பதால் நமக்கு மறைந்துபோனது. நம் எதிர்ச்சொல் என்ன? காய்ந்த மிளகாய், மிளகாய் வற்றல். ‘சிவப்பு மிளகாய்’ இப்போதைய பொட்டலங்களில் ஏறிய பெயர்.

கேள்வி (பெங்களூரில் வேலை பார்ப்பவர்): என் தெலுங்கு நண்பர் மஞ்சள் சட்டையைப் ‘பச்ச’ என்கிறார். கிண்டல் செய்கிறாரா?

பதில்: இல்லை. தெலுங்கில் ‘பச்ச’ மஞ்சளுக்கும் பச்சைக்கும் பொது. பச்சை நிறம் என்று தெளிவாகச் சொல்ல ‘ஆகுபச்ச’ என்பார்கள், அதாவது இலைப்பச்சை. மஞ்சள் கிழங்கு ‘பசுப்பு’, மஞ்சள் காமாலை ‘பச்ச காமெர்லு’. கன்னடத்தில் சொல்முதல் பகரம் ஹகரமானதால் (பால் – ஹாலு, புலி – ஹுலி போல) பசிரு ஹசிரு ஆயிற்று. மலையாளத்தில் நம்மைப் போலவே பச்ச. கதகளியில் நல்ல நாயகர்களுக்கு முகத்தில் பச்சை பூசும் வேடத்துக்கே ‘பச்ச’ என்று பெயர்.

மஞ்சளும் இந்த வேரின் எல்லைக்குள்தான் என்பதைத் தமிழிலும் பார்க்கலாம். பசும்பொன் மஞ்சளாகத்தானே இருக்கிறது? தோல் நீக்கிய பாசிப்பருப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி (தமிழாசிரியை, தஞ்சாவூர்): அப்படியானால் பசலை? பிள்ளைகள் ‘தலைவி பச்சையாக மாறினாளா?’ என்று கேட்டுச் சிரிக்கிறார்கள்.

பதில்: பசலை என்பது காதலனைப் பிரிந்த தலைவியின் மேனியில் படரும் நிறமாற்றம். அது பொன்னிறம், வெளிறிய மஞ்சள். குறுந்தொகை 98-ஐ வகுப்பில் வையுங்கள். நம் தோட்டத்துப் புதரில் மழைக்குப் பூத்த பீர்க்கம்பூ சிலவற்றைக் கொண்டுபோய், ‘உன்னவளின் நெற்றி இப்படி ஆகிவிட்டது’ என்று அவனிடம் சொல்பவர் கிடைத்தால் நல்லது என்கிறாள் தலைவி. பீர்க்கம்பூவின் நிறம் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரியாவிட்டால் ஒன்றைப் பறித்து மேசையில் வையுங்கள், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பசலை பரவும் விதத்துக்கு 399-ஆம் பாட்டு. ஊர் உண்ணும் கேணியில் படர்ந்த பாசி போன்றது பசலை. காதலர் தொடுந்தோறும் விலகும், விடுந்தோறும் பரவும் என்கிறார் பரணர். பாசி, பசலை இரண்டும் ஒரே வேர். உவமையும் பொருளும் ஒலியிலேயே உறவாக இருப்பதால்தான் ‘பாசியற்றே பசலை’ காதில் அப்படி விழுகிறது. இதே எண்ணம் குறள் 1187-லும் உண்டு: தழுவிக் கிடந்தவள் சற்றே விலகினாள், அந்த அளவிலேயே பசப்பு அள்ளிக்கொள்வதுபோல் வந்துவிட்டது.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், விழுப்புரம்): பைங்கூழ், பாசிலை, பச்சிலை மூன்றையும் எப்படிப் பிரிப்பது? ‘பை + கூழ்’ என்று எழுதி மதிப்பெண் போய்விட்டது.

பதில்: மூன்றுக்கும் நிலைமொழி ‘பசுமை’தான். பை என்று தனியே பிரித்தால் துணிப்பையோ பாம்பின் படமோ ஆகிவிடும், அதனால்தான் தவறு. விதி நன்னூல் 136, ‘ஈறுபோதல்’ என்று தொடங்கும் நூற்பா.

பைங்கூழ்: பசுமை + கூழ். ஈறுபோதல் என்பதால் மை கெட்டுப் பசு + கூழ். அடியகரம் ஐயாதல் என்பதால் பைசு + கூழ். ‘இனையவும்’ என்றதனால் சு கெட்டுப் பை + கூழ். இனமிகல் என்பதால் ங் தோன்றிப் பைங்கூழ். பைங்கிளிக்கும் இதே வழிதான். பைந்தமிழில் ந் மிகும்.

பாசிலை: பசுமை + இலை, பசு + இலை. ஆதி நீடல் என்பதால் பாசு + இலை. வரும் மொழி உயிரில் தொடங்குவதால் உகரம் கெட்டுப் பாச் + இலை, பாசிலை.

பச்சிலையில் நீளவில்லை, இரட்டித்தது. பசு + இலை, தன்னொற்று இரட்டிப் பச்சு + இலை, உகரம் கெட்டுப் பச்சிலை.

ஒரே சொல் மூன்று வழியில் போவதால்தான் தேர்வில் இதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எந்த வழி என்பதை விடையிலுள்ள முதல் எழுத்து காட்டிக்கொடுக்கும்: பை என்றால் ஐயாதல், பா என்றால் நீடல், பச் என்றால் இரட்டல்.

கேள்வி (மரவேலை செய்பவர், காரைக்குடி): பசுமரத்தாணி போல மனதில் பதிந்தது என்கிறார்கள். பச்சை மரத்தில் அடித்த ஆணி மரம் காய்ந்ததும் லூசாகிவிடும். பழமொழியே தப்பில்லையா?

பதில்: உங்கள் அனுபவம் சரி. அறுத்த பச்சைப் பலகையில் ஆணி சுலபமாக இறங்கும். பிறகு ஈரம் வற்றும்போது நார்கள் சுருங்கி ஆணியைச் சுற்றிப் பிடி தளரும். நிலை, கதவுக்குப் பச்சை மரம் போட்டால் முறுக்கிக்கொள்வதும் அந்தச் சுருக்கத்தால்தான், அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காததால். ஆனால் பழமொழியில் வருவது பலகை அல்ல, பசுமரம்: வேரோடு உயிருடன் நிற்பது. அதில் அடித்த ஆணியைச் சுற்றி ஆண்டுக்காண்டு புது மரம் வளர்ந்து மூடும். சில வருடம் கழித்துத் தலைகூடத் தெரியாது. இளமையில் எளிதாக இறங்கி, வளர வளர உள்ளே போவது என்ற இரண்டும் சேர்ந்ததுதான் அந்த உவமை.

கேள்வி (சேலம்): பச்சை குத்த நிஜமாகவே பச்சை மைதான் பயன்படுத்தினார்களா?

பதில்: மை கறுப்பு. பழைய முறை ஒன்று இது: மஞ்சள் தூளையும் அகத்திக்கீரையையும் சேர்த்துப் பிசைந்து துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரியவிடுவார்கள். மேலே கவிழ்த்த புதுச் சட்டியின் உட்புறத்தில் படியும் கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்துக்கொண்டு ஊசியால் குத்துவது. ஆக உள்ளே போவது கரிதான். அது தோலின் மேல்படலத்துக்குக் கீழே நிற்பதால், சிவப்பு வெளிச்சம் ஆழமாகப் போய்க் கரியில் உறிஞ்சப்படுகிறது. நீலமும் பச்சையும் தோலிலேயே சிதறித் திரும்புகின்றன. நம் கண்ணுக்கு நீலம் கலந்த பச்சையாகத் தெரிவது இதனால்தான். இந்த இடத்தில் பெயர் நிறத்தையே குறிக்கிறது.

கேள்வி (புதிதாகச் சமைக்கத் தொடங்கியவர், சென்னை): ‘பச்சை வாசனை போகும் வரை வதக்கவும்’ என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எப்போது போகும் என்று ஒருவரும் சொல்வதில்லை!

பதில்: நியாயமான கோபம். இங்கே பச்சை என்பது வேகாதது. ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுதுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், மிதமான தீ, சுமார் இரண்டு நிமிடம். மூக்கைச் சுளிக்கவைக்கும் பூண்டு நெடி இனிப்பு கலந்த மணமாக மாறும், விழுது அடியில் லேசாக ஒட்டத் தொடங்கும். எண்ணெய் காய்வதற்கு முன் போட்டால் விழுது தன் தண்ணீரிலேயே வேகும், நெடி போகாது. மிளகாய்த்தூளுக்கு அரை நிமிடம் போதும், தீயைக் குறைத்துவிட்டுப் போடுங்கள், கருகினால் கசக்கும். தக்காளி சேர்த்த மசாலாவுக்கு அடையாளம் ஓரத்தில் எண்ணெய் பிரிவது. குழம்புத்தூளை நேராகப் புளித்தண்ணீரில் கரைப்பவர்கள் எட்டு, பத்து நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும்.

கேள்வி (அதே வாசகர்): பச்சைக் கற்பூரம் கிடைக்காவிட்டால் பூஜைக் கற்பூரத்தைச் சர்க்கரைப் பொங்கலில் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. எரிக்கும் சூடம் உணவுக்கானதல்ல. உணவுக்கென்று விற்கும் பச்சைக் கற்பூரமே ஒரு பாத்திரம் பொங்கலுக்குக் கடுகளவுதான். கற்பூரம் அளவு மீறினால் குழந்தைகளுக்கு வலிப்பு வரை கொண்டுபோகும். கிடைக்காவிட்டால் ஏலக்காயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): பச்சைப் பொய், பச்சைத் துரோகம், பச்சை பச்சையாகத் திட்டினான். இதெல்லாம் கெட்ட பொருள். ஆனால் பெரியார் காமராசரைப் ‘பச்சைத் தமிழர்’ என்றார், அது பாராட்டு. எப்படி?

பதில்: பக்குவப்படுத்தாதது, மேல்பூச்சு இல்லாதது என்பதிலிருந்து இரண்டுமே கிளைக்கின்றன. பொய்யை மூடிமறைக்காமல் சொன்னால் பச்சைப் பொய், வசவைப் பூசி மெழுகாமல் கொட்டினால் பச்சை பச்சையாக. அதே கலப்பில்லாத தன்மையை ஒரு மனிதரின் மேல் ஏற்றினால் அசல் என்ற பொருள் வருகிறது. எழுதும்போது ஒரு கவனம்: ‘பச்சையாகப் பேசினார்’ என்றால் வெளிப்படையாகப் பேசினார் என்றும் ஆகும், ஆபாசமாகப் பேசினார் என்றும் ஆகும். செய்தியில் இதைத் தவிர்த்து ‘வெளிப்படையாக’ என்றே எழுதுங்கள்.

கேள்வி (காஞ்சிபுரம்): பெருமாள் கார்மேக வண்ணர். எங்கள் ஊரில் பச்சைவண்ணர் கோயிலும் இருக்கிறது. கறுப்பா, நீலமா, பச்சையா?

பதில்: மூன்றும். கருமை, நீலம், பச்சை ஆகிய அடர்நிறங்களைப் பழந்தமிழ் இன்றுபோல வேலி போட்டுப் பிரிக்கவில்லை. தொண்டரடிப்பொடி ஆழ்வார் ‘பச்சைமா மலைபோல் மேனி’ என்று பாடினார். தூரத்துக் காட்டுமலையைப் பார்த்தால் கறுப்பும் நீலமும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரியும். திருச்செந்தூர் ஆவணி, மாசித் திருவிழாக்களில் சண்முகருக்குச் சிவப்பு, வெள்ளை, பச்சை சாத்துவார்கள். அங்கே பச்சை திருமாலுக்கு உரியது.

கேள்வி (ஈரோடு): பசுமையான புல்லைத் தின்பதால் ‘பசு’ என்று பெயர் வந்ததாக வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

பதில்: இல்லை. விலங்கைக் குறிக்கும் பசு வடமொழிச் சொல், அங்கே அது கால்நடைக்குப் பொதுப்பெயர். லத்தீனின் ‘பெகுஸ்’ அதன் உறவு. தமிழ்ச்சொல் ஆ, ஆன், பெற்றம். புல்லைத் தின்னும் ஆட்டுக்கும் எருமைக்கும் ஏன் அந்தப் பெயர் வரவில்லை என்று அனுப்பியவரையே கேளுங்கள்.

கேள்வி (ராமநாதபுரம்): பச்சோந்தி?

பதில்: பச்சை + ஓந்தி. ஓந்தி என்றால் ஓணான்.